மைக்ரோவேவுக்குள் பொறி பறந்தால் முதலில் வலது சுவரைப் பாருங்கள்

ஆறு வருடப் பழைய மைக்ரோவேவ். உள்ளே வலது சுவரில் பழுப்புக் கறை, சில நாள் சூடாக்கும்போது படபடவென்று பொறி. எலுமிச்சைத் தண்ணீர் வைத்துத் துடைத்தால் சரியாகிவிடுமா? கதவு வழியாகக் கதிர்வீச்சு கசியும், கேன்சர் வரும் என்று மாமியார் சொல்வது உண்மையா? போனை உள்ளே வைத்துக் கூப்பிட்டால் மணி அடிக்கிறதே, அப்படியானால் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதானா? நீங்கள் கேட்டிருப்பது இவ்வளவு. சுத்தம் ஒரு கேள்வி, பாதுகாப்பு வேறு கேள்வி என்று பிரித்துக் கேட்டிருக்கிறீர்கள். மதுரையில் இருபத்திரண்டு வருடமாக வீட்டுச் சாதனங்களைப் பழுது பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், மைக்ரோவேவைப் பொறுத்தவரை இரண்டும் ஒரே கேள்விதான். அழுக்கு சேர்ந்தால் ஆபத்தாகும் இடங்கள் அதில் மூன்று: வலது சுவரில் இருக்கும் அட்டை, கதவு வந்து பொருந்தும் விளிம்பு, காற்றுப் போகும் துளைகள். உங்கள் மாமியார் பயப்படும் இடம் அந்த மூன்றில் ஒன்றுதான். காரணம்தான் வேறு.

பொறியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்குத்தான் அவசரம். இதைப் படித்து முடிக்கும்வரையாவது அதில் எதையும் சூடாக்காதீர்கள். உள்ளே வலது சுவரில் உள்ளங்கை அளவில் ஓர் அட்டை போன்ற தகடு தெரியும். பலர் அதைப் பேக்கிங் அட்டை என்றே நினைக்கிறார்கள். ஒரு வீட்டில் “வாங்கும்போது ஒட்டியிருந்ததைப் பிரிக்க மறந்துவிட்டோம் சார்” என்று கழற்றிக் குப்பையில் போட்டுவிட்டு என்னைக் கூப்பிட்டார்கள். அது மைக்கா. ஜார்க்கண்டின் கோடர்மா பக்கம் வெட்டி எடுத்துப் பேர் வாங்கிய அதே அப்பிரகம்தான், தூளாக்கிப் பசையோடு சேர்த்து மெல்லிய தாளாக அழுத்தியிருப்பார்கள். அதற்குப் பின்னால்தான் நுண்ணலை உள்ளே வரும் வழி இருக்கிறது. அலை மைக்காவைக் கண்ணாடியில் வெளிச்சம் போவதுபோலக் கடந்துவிடும். ஆனால் நீராவி, எண்ணெய், குழம்புத் துளி எதுவும் பின்னால் போகாமல் அது தடுத்துவிடும். அதற்கு வேறு வேலை இல்லை.

சிக்கல் எங்கே வருகிறதென்றால், மூடி போடாமல் குழம்பைச் சூடாக்கும்போது தெறிக்கும் துளி அந்தத் தகட்டின் மேல்தான் விழுகிறது. சுவரில் விழுந்த துளி வெறும் கறை. மைக்காவில் விழுந்த துளி அலை வரும் வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறது. ஒவ்வொரு முறை பொத்தானை அழுத்தும்போதும் தட்டில் இருக்கும் சாப்பாட்டுக்கு முன்னால் அந்தத் துளிதான் சூடாகிறது. எண்ணெய்க்கு நூறு டிகிரியோடு நிற்கும் பழக்கம் கிடையாது. கருகிக் கருகி ஒருநாள் கரியாகிவிடும். கரி மின்சாரத்தைக் கடத்தும், அதனால் அந்தப் புள்ளியில் பொறி பறக்கும். பொறி இன்னும் கொஞ்சம் மைக்காவைக் கருக்கும், கருகிய இடம் இன்னும் பெரிய பொறியைக் கொடுக்கும். இப்படியே விட்டால் தகட்டில் ஓட்டை விழுந்து, பிசுக்கு உள்ளே போய், கடைசியில் மேக்னட்ரானின் முனை உருகிவிடும். அலையை உண்டாக்கும் பாகம் அதுதான். சில நூறு ரூபாய்க்குள் மைக்காவோடு முடிய வேண்டிய செலவு அப்போது பல மடங்கு ஆகிவிடும்.

நீங்கள் படம் போடவில்லை, அதனால் உங்கள் வீட்டில் நடப்பது இதுதான் என்று இங்கிருந்தே முத்திரை குத்த மாட்டேன். பொறிக்கு வேறு காரணங்களும் உண்டு. கிரில்லுக்கு வைத்த கம்பி வலையை எடுக்க மறந்து மைக்ரோ முறையில் ஓட்டுவது, தங்கக் கோடு போட்ட பீங்கான் கோப்பை, பார்சலில் ஒட்டிக்கொண்டு வந்த அலுமினியத் தாள் துண்டு, உள்சுவரில் பெயிண்ட் உரிந்து துரு தெரியும் இடம். கேரட் துண்டுகூடச் சில நேரம் பொறி விடும், பயந்துவிடாதீர்கள். ஆனால் பொறி ஒரே இடத்தில், அதுவும் வலது சுவரில் என்கிறீர்கள். அப்படி வந்த பத்துப் பெட்டியில் எட்டிலாவது மைக்காவைத்தான் மாற்றியிருப்பேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். தகடு வெறும் பழுப்பாக, வழவழப்பாக இருந்தால் துடைத்தால் போதும். கறுப்புப் புள்ளியோ, கொப்புளமோ, ஓட்டையோ இருந்தால் துடைத்துப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். எலுமிச்சையால் கரியைத் திரும்ப மைக்காவாக்க முடியாது.

சரி, எலுமிச்சைக்கு வருவோம். அந்த வைத்தியம் நல்லதுதான், ஆனால் வேலை செய்வது எலுமிச்சை அல்ல, ஆவி. அகலமான கண்ணாடிக் கிண்ணத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி, அரை எலுமிச்சையைத் துண்டு போட்டு, முழு வேகத்தில் மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் ஓட்டுங்கள். மணி அடித்ததும் கதவைத் திறக்காமல் இன்னொரு ஐந்து நிமிடம் விடுங்கள். எல்லாரும் தவறுவது இங்கேதான். அந்த ஐந்து நிமிடத்தில்தான் காய்ந்த குழம்பு ஊறி இளகும். பிறகு துணியால் வழித்தாலே வந்துவிடும். எலுமிச்சை மணத்துக்கு. கிருமி எல்லாம் செத்துவிடும் என்று சொல்வதை அப்படியே நம்பி, துடைக்காமல் விட்டுவிடாதீர்கள். வினிகர் இரண்டு கரண்டி விட்டாலும் இதே பலன்தான். எண்ணெய்ப் பிசுக்கு ஆவிக்கு முழுதாக மசியாது. பாத்திரம் தேய்க்கும் லிக்விடை ஈரத் துணியில் ஒரு சொட்டு விட்டுத் துடைத்து, பிறகு வெறும் ஈரத் துணியால் இரண்டு முறை எடுங்கள். அப்படியும் போகாத கறைக்கு ஆப்ப சோடாவைக் குழைத்துப் பூசி, கால் மணி நேரம் கழித்துத் துடைக்கலாம். மைக்காவின் மேல் மட்டும் அழுத்தித் தேய்க்காதீர்கள், அது ஏடு ஏடாக உரிந்துவிடும்.

கம்பி நார் மட்டும் வேண்டவே வேண்டாம். வேலைக்கு வரும் அம்மாவிடமும் சொல்லிவையுங்கள், வாணலியைத் தேய்க்கிற வேகத்தில் உள்சுவரையும் தேய்த்துவிடுவார்கள். உள்ளே இருப்பது இரும்புத் தகட்டின் மேல் பெயிண்ட். கீறல் விழுந்தால் துரு, துரு வந்தால் பொறி. ஸ்ப்ரே பாட்டிலை நேராக உள்ளே அடிப்பதும் தப்பு, ஏனென்றால் சுவரில் இருக்கும் சின்னத் துளைகளுக்குப் பின்னால் விளக்கும் ஒயரும் இருக்கின்றன. துணியில் அடித்துத் துடையுங்கள். மஞ்சள் கறை போகவில்லை என்று சிலர் ப்ளீச்சிங் வரைக்கும் போய்விடுகிறார்கள். அது தேவையே இல்லை. மஞ்சளின் நிறம் வெயிலுக்குத் தாங்காது. கண்ணாடித் தட்டையும் அடியில் உருளும் வளையத்தையும் கழுவி ஒரு நாள் மொட்டை மாடியில் வைத்தால் பாதிக்கு மேல் வெளுத்துவிடும். சுவரில் மங்கலாக நிற்கும் மஞ்சளை விட்டுவிடுங்கள், அதனால் ஒரு கெடுதலும் இல்லை. தட்டைச் சூடாக இருக்கும்போதே குழாயடியில் காட்டாதீர்கள், விரிசல் விட்டுவிடும். அந்த வளையத்தின் தடத்தையும் துடைக்க வேண்டும். தட்டு தடக் தடக் என்று சுற்றுவதாக வரும் புகார்களில் பாதிக்கு அங்கே காய்ந்து கிடக்கும் சோற்றுப் பருக்கைதான் காரணம்.

இனி கதவு, அதாவது மாமியார் பயம். முதலில் உறுதியானதைச் சொல்லிவிடுகிறேன். மைக்ரோவேவ் ஓடும் அலையின் அதிர்வெண் 2450 மெகாஹெர்ட்ஸ், அலைநீளம் சுமார் 12 சென்டிமீட்டர். கதவுக் கண்ணாடிக்குள் தெரியும் உலோக வலையின் ஓட்டை ஓரிரு மில்லிமீட்டர்தான். வெளிச்சம் அதில் நுழைந்து வெளியே வரும், அதனால்தான் உள்ளே சுற்றும் பால் டம்ளர் நமக்குத் தெரிகிறது. அத்தனை நீள அலையால் வர முடியாது. எக்ஸ்ரேயைப் போல உடம்பின் அணுக்களை உடைக்கும் சக்தி இந்த அலைக்குக் கிடையாது. சூடாக்கும், அவ்வளவுதான். சுவிட்சை அணைத்தால் விளக்கணைத்த அறையில் வெளிச்சம் தங்காததுபோல அலையும் தங்காது. சாப்பாட்டிலும் எதுவும் ஒட்டியிருக்காது. நிறைய அலை பட்டால் சுடும், கண்ணுக்குக் கெடுதல், இது உண்மை. அதனால்தான் வரம்பு வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் விற்பனைக்கு முன் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 1 மில்லிவாட், பிறகு அந்தப் பெட்டியின் ஆயுள் முழுக்க 5 மில்லிவாட், அதுவும் கதவிலிருந்து 5 சென்டிமீட்டர் தூரத்தில் அளந்தால். அரை மீட்டர் தள்ளி நின்றால் அதில் கிட்டத்தட்ட நூறில் ஒரு பங்குதான் நம்மேல் படும். ஆகவே மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு அப்பளம் பொரிவதை வேடிக்கை பார்க்காமல் இருந்தால் போதும்.

போன் சோதனை விஷயத்தில் உங்களைக் குறை சொல்ல மாட்டேன், எங்கள் கடைக்கு வருகிற பாதிப் பேர் அதைச் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். அதிலிருந்து ஒன்றும் தெரியாது. கதவின் ஓரத்தில் அலையை மடக்கித் திருப்ப ஒரு பள்ளம் வைத்திருப்பார்கள். அது 2450 மெகாஹெர்ட்ஸ் அலைக்கென்றே அளந்து செய்தது. உங்கள் போன் பேசுவது பெரும்பாலும் வேறு அதிர்வெண்ணில். மேலும் செல்போன் என்பது டவரிலிருந்து வரும் சிக்னல் பத்தாயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்தாலும் மணி அடிக்கிற சாமான். புத்தம் புதுப் பெட்டிக்குள் வைத்தாலும் அடிக்கக்கூடும். யாராவது கவனிக்காமல் ஸ்டார்ட்டை அழுத்திவிட்டால் போனும் போய்விடும், பேட்டரி வெடித்துப் பெட்டியும் போய்விடும். அப்புறம் இன்னொன்று, கதவிடுக்கில் காகிதத்தை வைத்து இழுத்துப் பார்ப்பது. பிரிட்ஜ் கதவுக்கு அது சரி. மைக்ரோவேவ் கதவு இறுக்கத்தை மட்டும் நம்பியது அல்ல, அந்தப் பள்ளத்தை நம்பியது, அதனால் காகிதம் சுலபமாக வந்தாலும் கசிவென்று சொல்ல முடியாது. இணையத்தில் விற்கும் மலிவுக் கசிவு மீட்டர்களைப் பற்றியும் எனக்குச் சந்தேகம்தான். ஒரே அடுப்பை இரண்டு மீட்டர் இரண்டு விதமாகக் காட்டிப் பார்த்திருக்கிறேன். நம்பிக்கையாக அளக்க வேண்டுமென்றால் முறையாக அளவீடு சரிபார்த்த கருவி வைத்திருக்கும் சர்வீஸ் சென்டரில்தான்.

கருவி இல்லாமல் நீங்களே பார்க்கக்கூடியவை இவை. கதவு கோணியிருக்கிறதா, கீல் ஆடுகிறதா, மூடினால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கிறதா, கண்ணாடி விரிந்து வலை கிழிந்திருக்கிறதா, கொக்கி உடைந்திருக்கிறதா, கதவு திறந்திருக்கும்போதே உள்ளே தட்டு சுற்றுகிறதா. இதில் ஒன்று இருந்தாலும் ஓட்டாதீர்கள். கதவுக்குப் பின்னால் சின்னச் சுவிட்சுகள் வரிசையாக இருக்கின்றன. கதவு திறந்தால் மின்சாரத்தைத் துண்டிப்பவை அவைதான். அவை ஒட்டிக்கொண்டால் ஃப்யூஸைப் போக்கிவிட இன்னொரு சுவிட்ச் காவலுக்கு இருக்கும். கதவை டமாரென்று அடித்துச் சாத்துவதும், திறந்த கதவின்மேல் பாத்திரத்தைச் சாய்த்து வைப்பதும்தான் இவற்றின் எதிரி. விளிம்பில் சேரும் அழுக்கையும் இங்கே சொல்ல வேண்டும். கதவும் பெட்டியும் தொடும் அந்தச் சட்டத்தில் சர்க்கரைப் பாகோ குழம்போ படிந்து கெட்டியானால் கதவு முழுதாகப் பொருந்தாது. உள்சுவரைத் தேய் தேய் என்று தேய்ப்பவர்கள் இதைத் தொடுவதே இல்லை. தினமும் ஈரத் துணியால் ஒரு சுற்று போதும், கண்ணாடியைத் துடைக்கிற நேரம்கூட ஆகாது.

மூன்றாவது இடம் காற்றுத் துளைகள். நம் ஊரில் டிவிக்கு உறை போட்ட பழக்கம் மைக்ரோவேவுக்கும் வந்துவிட்டது. மேலே குரோஷா பின்னல் துணி, அதன்மேல் பிரெட் பாக்கெட், ஊறுகாய் பாட்டில், பக்கவாட்டில் செருகிய முறம். உள்ளே இருக்கும் மின்விசிறி காற்றை எங்கிருந்து இழுத்து எங்கே தள்ளும்? பக்கங்களில் நான்கு விரல் அகலமாவது, மேலே ஒரு சாண் இடம் விடுங்கள். உங்கள் மாடலுக்கான சரியான அளவு கையேட்டில் இருக்கும். இதே துளை வழியாகத்தான் கரப்பானும் குடிவருகிறது. கன்ட்ரோல் போர்டின் இளஞ்சூடு அதற்கு மிகவும் பிடிக்கும். போர்டு போன பெட்டியைத் திறந்தால் உள்ளே கரப்பான் குடும்பமே கருகிக் கிடக்கும், பல்லி முட்டைகூடப் பார்த்திருக்கிறேன். அதற்காகத் துளைக்குள் பூச்சி மருந்தை அடித்துவிடாதீர்கள், தீப்பிடிக்கும் திரவம் அது. சாப்பாட்டை ராத்திரி உள்ளே மூடி வைக்கும் பழக்கத்தை விட்டு, படுக்கும் முன் உள்ளே உலர்வாகத் துடைத்தாலே பாதி வருகை நின்றுவிடும்.

மாமியாருக்குப் பயப்பட ஏதாவது வேண்டுமென்றால் நான் இவற்றைத்தான் கொடுப்பேன். ஒன்று வெந்நீர். வழவழப்பான கண்ணாடி டம்ளரில் வெறும் தண்ணீரை நீண்ட நேரம் சூடாக்கினால், நூறு டிகிரியைத் தாண்டியும் ஒரு குமிழ்கூட வராமல் அமைதியாக நிற்கும். நாம் எடுத்து ஒரு ஸ்பூன் காப்பித்தூளைப் போட்டதும் மொத்தமும் பொங்கி முகத்தில் அடிக்கும். அமிலம் பட்டதுபோல் முகம் சிவந்து வந்த ஒரு பெண்ணை நேரிலேயே பார்த்தேன், அவர் வீட்டில் பெட்டிக்கு ஒரு குறையும் இல்லை. தண்ணீரோடு ஒரு மரக் கரண்டியைப் போட்டுச் சூடாக்குங்கள், முடிந்ததும் ஒரு நிமிடம் விட்டு எடுங்கள். எலுமிச்சைத் துண்டு கிடந்தால் அதன் சொரசொரப்பில் குமிழ் பிடித்துத் தண்ணீர் ஒழுங்காகக் கொதிக்கும். அந்த வைத்தியத்தில் எலுமிச்சையின் உண்மையான உபகாரம் இதுதான். குழந்தைக்குப் பால் புட்டியை இதில் வைக்கவே வேண்டாம். புட்டி தொட்டால் ஆறியிருக்கும், நடுவில் பால் கொதித்துக்கொண்டிருக்கும். அவித்த முட்டையைத் திரும்பச் சூடாக்குவதும் அப்படித்தான், வெடித்துவிடும்.

இன்னொன்று தீ. கறிவேப்பிலை காயவைப்பது, வற்றல் மிளகாயைச் சூடாக்குவது, அப்பளம் பொரிப்பது எல்லாம் அரை நிமிடம் கூடினால் பற்றிக்கொள்ளும், அப்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பற்றிக்கொண்டால் கதவைத் திறக்காதீர்கள். சுவரில் சுவிட்சை அணையுங்கள், காற்றில்லாமல் உள்ளேயே அணைந்துவிடும். காலியாகவும் ஓட்டாதீர்கள், உறிஞ்சிக்கொள்ள உணவு இல்லாத அலை திரும்பி மேக்னட்ரானையே தாக்கும். வீட்டில் பொத்தானை அழுத்தும் வயதில் பிள்ளை இருந்தால் பிளக்கைப் பிடுங்கி வையுங்கள். பிளக் என்றதும் ஞாபகம் வருகிறது. பெட்டியில் 800 வாட் என்று போட்டிருந்தால் அது சாப்பாட்டுக்குப் போகும் அளவு, சுவரிலிருந்து இழுப்பது 1200 வாட்டுக்கு மேல். கன்வெக்ஷன் என்றால் இன்னும் அதிகம். சின்ன 6 ஆம்பியர் பாயின்ட் 230 வோல்ட்டில் தாங்குவதே 1380 வாட்தான். மிக்சியோடு சேர்த்து ஒரே எக்ஸ்டென்ஷனில் போட்டால் பிளக் உருகும். எர்த் உள்ள 16 ஆம்பியர் பாயின்ட்தான் வேண்டும். பாத்திரங்களைப் பற்றி எல்லாரும் சொல்லிவிட்டார்கள், நான் சேர்ப்பது ஒன்றுதான்: பளபளவென்று பீங்கான் மாதிரி இருக்கும் மெலமைன் தட்டும் உள்ளே போகக்கூடாது.

எல்லாவற்றுக்கும் மேலாக, வெளிக்கூட்டின் ஸ்க்ரூவைக் கழற்றாதீர்கள். யூடியூபில் பார்த்து மிக்சி, கிரைண்டர், அயர்ன் பாக்ஸ் எதையும் திறக்கலாம், இதை மட்டும் கூடாது. உள்ளே ட்ரான்ஸ்பார்மர் சுமார் 2000 வோல்ட்டைக் கொடுக்கும், கெப்பாசிட்டரும் டையோடும் சேர்ந்து அதை இரண்டு மடங்காக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தேங்கியிருக்கும். நானே அதை டிஸ்சார்ஜ் செய்யாமல் கை வைப்பதில்லை.

மைக்காவை மாற்ற அந்தக் கூட்டைத் திறக்க வேண்டியதில்லை என்பது உங்கள் அதிர்ஷ்டம். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, உள்ளிருந்தே பாருங்கள், ஒரு ஸ்க்ரூவோ கிளிப்போதான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். சில கையேடுகளில் அதைக் கழற்றாதே என்று போட்டிருக்கும், அப்படியானால் சர்வீஸ் ஆளைக் கூப்பிட்டுவிடுங்கள். கழற்றியதும் பின்னால் இருக்கும் வாயில் பிசுக்கு இருந்தால் உலர்ந்த துணியால் எட்டுகிற வரைக்கும் துடையுங்கள், விரலை ஆழமாக விட வேண்டாம். சுற்றி இருக்கும் இரும்பு உருகியோ துருவில் ஓட்டை விழுந்தோ இருந்தால், அப்போது தூக்கிப் போடுவது பற்றி யோசிக்கலாம். இல்லையென்றால் ஆறு வருடம் ஒரு வயதே அல்ல. பழைய தகட்டை ஒரு கவரில் போட்டு ஸ்பேர் கடைக்குக் கொண்டுபோங்கள். அந்த மாடலுக்கே கிடைக்காவிட்டால் பெரிய ஷீட்டாகத் தருவார்கள், பழையதை மேலே வைத்துப் பென்சிலால் வரைந்து கத்திரிக்கோலால் வெட்டிக்கொள்ளலாம். ஸ்க்ரூ ஓட்டையையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள். மாட்டிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரை மரக் கரண்டியோடு உள்ளே வைத்து இரண்டு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். அப்போதும் பொறி வந்தால் படம் எடுத்து இங்கேயே போடுங்கள், பார்க்கிறேன்.